தாழ்ப்பாள் இல்லாத வரைபடம்

மே 4, திங்கள்

இன்றும் வீடு வேகிறது. நான் வாடகைக்கு இருக்கும் மாடிப் போர்ஷனுக்கு மேலே மொட்டை மாடி, மொட்டை மாடிக்கு மேலே உடுமலைப்பேட்டையின் மொத்த வெயில். சாயங்காலம் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கிறது. மின்விசிறி அந்த அனலையே சுற்றிச் சுற்றி எனக்குத் திருப்பித் தருகிறது. இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவள் இப்படி ஒரு வீட்டில் வாழ்வது அவமானம்.

இந்த மாதக் கடைசியில் ஓய்வு. அதற்கப்புறம் தோப்பில் வீடு. பெதப்பம்பட்டிப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. எங்களுக்கு என்றால் எனக்கும் அக்காவுக்கும். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, தனபாக்கியம். அண்ணன் தம்பி இருவரும் போய்விட்டார்கள், பெரிய வீட்டை விற்றாயிற்று. அக்கா பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறாள், நான் இந்த அடுப்புக்குள் இருக்கிறேன். "தோப்புல சின்னதா ஒரு சாளை வீடு போட்டு நாம ரெண்டு பேரும் இருந்துக்கலாம் வாணி" என்று முதலில் சொன்னதே அவள்தான். அதை அவள் மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை.

வரைபடம் இன்று முடிந்தது. நானே கிராஃப் தாளில் போட்டது. நானூற்றெண்பது சதுர அடியில் ஒரே கூடம். சுவரோடு மடிந்துகொள்ளும் இரண்டு கட்டில்கள். பகலில் மடித்துவிட்டால் கூடம், இறக்கினால் படுக்கையறை, நாலு பேர் வந்தால் சாப்பாட்டு அறை. மேற்கே ஓட்டை விட்டுக் கட்டும் சுவர். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று அதில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, கிழக்கு ஜன்னல்கள் வழியே வெளியே போய்விடும். மத்தியான வெயிலுக்கு அந்தச் சுவரே மறைப்பு. ஏசி வேண்டாம். மின்விசிறி சித்திரை வைகாசிக்கு மட்டும். கூரையில் நாலு சோலார் தகடு. காற்றுக்குக் குறுக்கே ஒரு சுவர் கிடையாது, கழிவறையைத் தவிர ஒரு கதவும் கிடையாது.

பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது. என்னை நானே பாராட்டிக்கொண்டேன், வேறு ஆள் இல்லாததால்.

மே 7, வியாழன்

குழாய் ஒழுகலைப் பார்க்க வந்த வீட்டுக்காரம்மா குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் எங்கே என்று கேட்டாள். கழற்றிப் பரணில் வைத்திருக்கிறேன், காலி பண்ணும்போது மாட்டித் தருகிறேன் என்றேன். தனியாக இருப்பவளுக்கு எதற்குத் தாழ்ப்பாள்? அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மே 12, செவ்வாய்

இன்ஜினியர் யுவராஜைத் தோப்புக்கு வரச் சொல்லியிருந்தேன். உடுமலையில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. எல்லாவற்றுக்கும் முன்பக்கம் கண்ணாடி, இரண்டு தூண், தூணுக்கு மேல் ஒரு சிங்கம். நான் முன்னாலேயே போய் ஒரு கத்தை ஊதுபத்தியைக் கொளுத்தி, தோப்பில் அங்கங்கே நட்டுப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"பூசைங்களா மேடம்?"

"காத்துப் பாக்கறேன்."

"அதான பாத்தேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். வரைபடத்தை வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெட்ரூம் எங்கீங் மேடம்?"

"வீடே பெட்ரூம்."

"அப்ப ஹாலு?"

"வீடே ஹால்."

"செரிங்" என்றார், டாக்டர் முன்னால் தலையாட்டுகிற மாதிரி. ஆனால் ஆள் கெட்டிக்காரர். கூரைக்குக் கான்கிரீட்டில் நடுநடுவே ஓடு பதித்துப் போட்டால் சிமென்ட்டும் மிச்சம், சூடும் இறங்காது என்று அவரேதான் சொன்னார். சுவருக்குச் சுட்ட செங்கல் வேண்டாம், தோப்பு மண்ணையே அழுத்திக் கல் அறுக்கலாம் என்பது என் கட்சி. அரை மணி நேரம் வாதாடினோம். கல் நான் ஜெயித்தேன், ஓடு அவர் ஜெயித்தார். ஆவணியில் வேலை ஆரம்பித்தால் தை மாதம் பால் காய்ச்சலாமாம்.

மே 17, ஞாயிறு

அக்கா வந்துவிட்டாள். கதிரேசன் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "சித்தி, அம்மா ஒரு வாரம் உங்க பொறுப்பு" என்று சொல்லி மாமனார் ஊருக்குப் போய்விட்டான். நல்ல பையன். அம்மாவின் பையைத் தானே தூக்கி வந்து வைத்தான்.

அக்காவுக்குப் பிடிக்கும் என்று கைமுறுக்கு வாங்கி வைத்திருந்தேன். "வேண்டாங் கண்ணு, இப்பல்லாம் ருசி படறதில்ல" என்றாள். பன்னை டீயில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். ஒரு காலத்தில் கரும்பைப் பல்லாலேயே உரித்து எனக்குக் கொடுத்தவள் இவள். வயது ஆக ஆக நாக்கு செத்துப்போகிறது போல.

சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். பெங்களூர்ப் பழக்கம்.

மே 19, செவ்வாய்

எங்கள் பக்கம் வேலை தொடங்குமுன் மனையில் முளைக்குச்சி அடித்து, நூல் பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார்கள். மேஸ்திரிக்காகப் போடுவது அது. நான் அதை எங்களுக்காகப் போட்டேன். சுவர், ஜன்னல், கட்டில், அடுப்பு மேடை எல்லாம் நிஜ அளவில். அதற்குள் இன்று ஒரு பகல் முழுக்கக் குடியிருந்து பார்ப்பது என்று திட்டம். சோதனை செய்யாமல் நான் எந்த விதியையும் பிள்ளைகளுக்கு நடத்தியதில்லை.

அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. வாசல் கோட்டில் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். யுவராஜ் அளவு டேப்பைக் கொடுக்க நேராகக் கோட்டைத் தாண்டி நடந்து வந்தபோது, "ஏனுங் தம்பி, செவுத்துக்குள்ள பூந்து வர்றீங்க? வாசல் அக்கட்டால இருக்குதுங்" என்று சத்தம் போட்டாள். அவரும் பேசாமல் திரும்பிப் போய்ச் சுற்றிக்கொண்டு வாசல் வழியே வந்தார். அவருக்கு அப்போதுதான் இந்த வீட்டின் மேல் மரியாதை வந்தது.

சமையலறைக் கோட்டுக்குள் மூன்று கல்லை வைத்துச் சாதமும் ரசமும் வைத்தோம். அடுப்பிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இரண்டே எட்டு. "இது தேவலை, கால் வலிக்காது" என்றாள். குளியலறைக்குள் நின்று கையை நீட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு சந்தோஷம். நானும் புகழ்ச்சியை வாங்கி வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டபின் கட்டில் வருகிற இடங்களில் பாயை விரித்தேன். அக்கா படுக்கவில்லை.

"இது யாரு கட்டல்?"

"உங்களுது. அது என்னுது."

"நடுவுல?"

"நடுவுல காத்து."

சுற்றிலும் பார்த்தாள். "வர்றவங்க போறவங்கல்லாம் பாக்க மாட்டாங்களா கண்ணு?"

"யாருக்கா வரப்போறாங்க? இருக்கறது நாம ரெண்டு பேரு. எங்கிட்ட உங்களுக்கென்ன மறைவு?"

 அவள் எழுந்து, வாசல் வழியே ஒழுங்காக வெளியே போய், ஒரு தென்னை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "உள்ள வெக்கையா இருக்குது" என்றாள்.

சுவரே இல்லாத வீட்டுக்குள் வெக்கையாம்.

மே 20, புதன்

காலையில் டீ குடிக்கும்போது சொன்னாள். "நீ கட்டிக்க கண்ணு. நான் பெங்களூர்லயே இருந்துக்கறன். அப்பப்ப ஒறம்பரையா வந்துட்டுப் போறன்."

விருந்தாளியாக வருவாளாம். என்னக்கா குறை என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லை, அரண்மனை மாதிரி இருக்கிறது என்றாள். அரண்மனையை வேண்டாம் என்கிறவளிடம் என்ன பேசுவது? கோபத்தில் சட்னிக்கு உப்புப் போட மறந்தேன். அதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள்.

மே 21, வியாழன்

ராத்திரி மழை. தோப்பில் வீடு கரைந்திருக்கும்.

மே 31, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே விழா நடத்தி முடித்துவிட்டார்கள். சந்தன மாலை, சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம். எல்லோரும் இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார்கள், வீடு கட்டப் போகிறேன் என்றேன். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடிகாரத்தை இன்னும் பிரிக்கவில்லை.

ஜூன் 6, சனி

அக்காவுக்கு என்னதான் பிடிக்கவில்லை? ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறேன்.

வாஸ்துவாக இருக்குமோ என்று நினைத்தேன். தென்மேற்கு மூலையில் ஓட்டைச் சுவர் வருகிறது, அங்கே பாரமாக இருக்க வேண்டும் என்பார்கள். மூலையில் பீரோவை வைத்து ஒரு வரைபடம் அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் வந்தது.

சமையலாக இருக்குமோ? அவளுக்குப் பூண்டு இல்லாமல் ரசம் இறங்காது, எனக்குப் பூண்டு ஆகாது. கரண்ட் அடுப்பைச் சக்கர மேசையில் வைத்து, அவரவர் பக்கம் தள்ளிக்கொள்கிற மாதிரி ஒன்று போட்டு அனுப்பினேன். "அடுப்புக்குச் சக்கரமா?" என்று போனில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பேத்தியின் பரீட்சைக்குப் பேச்சு போய்விட்டது. அப்புறம் ஒரு கட்டைவிரல். இத்தனை வருட உறவுக்கு ஒரு கட்டைவிரல்.

கட்டிலின் உயரம், கழிவறையின் தரை, கிழக்கு வெயில், பாம்பு. எதைக் கேட்டாலும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு."

யுவராஜ் கல் அறுக்க ஆள் சொல்லட்டுமா என்று கேட்கிறார். பொறுங்கள் என்றேன். அக்கா வராவிட்டால் நான் இதைக் கட்டப் போவதில்லை. தனியாக அந்தத் தோப்பில் இருக்க எனக்குப் பயம். பாம்பு, திருடன் எல்லாம் இல்லை. காலையில் நான் எழுந்திருக்காவிட்டால் கேட்க ஆள் இல்லாமல் இருப்பது பயம். எழுதிவிட்டேன், இனி அடிக்க மாட்டேன்.

ஜூன் 15, திங்கள்

நாளை பெங்களூர் போகிறேன். பேத்தியின் பிறந்தநாளுக்கு என்று சொல்லியிருக்கிறேன். கிராஃப் தாளும் பென்சிலும் பையில் இருக்கின்றன.

ஜூன் 17, புதன்

கதிரேசன் வீடு பத்தாவது மாடியில். இரண்டு படுக்கையறை. ஒன்றில் மகனும் மருமகளும். இன்னொன்று பேத்தியின் அறை, அதில் அக்காவுக்கு ஒரு கட்டில். அந்தப் பெண் விளக்கைப் போட்டுக்கொண்டு படிக்கிறாள், தோழிகளோடு வீடியோவில் பேசுகிறாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். எல்லோரும் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். மருமகள் எனக்கு வெந்நீர் போட்டுவைத்தாள். குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அதில் ஒரு ஏமாற்றம்.

காலையில் முகம் கழுவப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை, தள்ளினேன். கதவைத் தட்டி நிற்பது எனக்கு ஆகாது. தாழ் சரியாக விழாத கதவு போலிருக்கிறது, திறந்துகொண்டது.

அக்கா குழாயடியில் நின்றிருந்தாள். அவளுடைய பற்கள் அவள் கையில் இருந்தன. மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும். கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது, அது அக்காவுடையது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கன்னம் உள்ளே போய், உதடு மடிந்து. ஈறெல்லாம் சிவந்து புண்ணாக இருந்தது. அவள் முந்தானையை முகத்தில் அமுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அடிக்கப் போகிறவர்கள் முன்னால் திரும்பிக்கொள்கிற மாதிரி. நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டாள்.

"பாத்துட்டயா?"

"என்னத்தக்கா?"

"ஒண்ணுமில்ல."

சாயங்காலம் மருமகளிடம் மெல்ல விசாரித்தேன். பெங்களூர் வந்தபின் பல் கட்டி இரண்டு வருடம் ஆகிறதாம். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், ஈறுக்குக் காற்றுப் பட வேண்டும் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் திட்டுகிறாராம். "அத்தை கேக்கறதே இல்லைங்க சின்னத்தை. எங்க முன்னாடி கழட்டவே மாட்டாங்க."

கேட்காமல் இல்லை. எங்கே கழற்றுவாள்? பெரிய வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாருக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்குப் பக்கத்தில், கூடத்தில். இப்போது பேத்திக்குப் பக்கத்தில். கடைசியாக நான் ஒருத்தி, கதவே இல்லாத ஒரு வீட்டைப் போட்டு, எங்கிட்ட என்ன மறைவு என்று கேட்டிருக்கிறேன்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தவள் நான்.

ஜூன் 20, சனி

ஊருக்கு வந்ததும் உட்கார்ந்தேன். தெற்குப் பக்கம் அக்காவுக்கு ஓர் அறை. ஆனால் அறை போட்டால் காற்றுப் பாதை அடைபடுகிறது. மூன்று தாள் கிழித்தபின் வழி கிடைத்தது. சுவரை ஏழடியோடு நிறுத்திவிடுவது. அதற்கு மேல் கூரை வரைக்கும் திறப்பு. காற்று தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும், கண்ணுக்கு மறைவு இருக்கும். சத்தம் மட்டும் தாண்டும். தாண்டட்டும்.

அறைக்குள்ளேயே ஒரு சின்னக் குழாயும் தொட்டியும், மேலே ஒரு கண்ணாடி. மடிக்கும் கட்டில் வேண்டாம், நிஜக் கட்டில். அதற்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வைக்கச் சுவரில் ஒரு மாடம்.

யுவராஜிடம் காட்டினேன். "இப்பத்தானுங் மேடம் வீடு மாதிரி இருக்குது" என்றார். அப்புறம் சாமான் கணக்கு எழுதும்போது தலையைத் தூக்கினார். "எந்தக் கதவுக்குமே தாழ்ப்பாள் போடலீங்களே?"

மறந்துவிட்டது என்றேன்.

மறக்கவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

அக்கா ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் என்னிடம் இரண்டு நாள் தங்குகிறாள். கணவாயின் மேகாற்று இப்போது நன்றாகப் பிடித்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் காலண்டர் பறக்கிறது. தாளின் நாலு மூலையிலும் டம்ளரை வைத்து வரைபடத்தை விரித்தேன்.

விரலால் தடவிக்கொண்டே வந்து அந்த அறையில் நின்றாள். "இது யாரு ரூமு?"

"உங்களுது."

தொட்டியைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். மாடத்தைப் பார்த்தாள். அது எதற்கு என்று கேட்கவில்லை. "கதவு?"

"இருக்கு. வெளிப்பக்கமாத் தெறக்கும்."

"தாழ்ப்பா?"

"சாத்தினா சாத்தினபடி நிக்கும்க்கா. காந்தம் வெச்சிருக்கேன், காத்துக்கும் தெறக்காது."

"தாழ்ப்பா, கண்ணு."

"யாரும் தட்டாம வர மாட்டாங்க."

"நீ தட்டாமத்தான வந்த?"

 அக்கா என்னைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டு பேசினாள். "பல்லுப் போச்சுங்கறது பெருசில்ல. அது இல்லாத மூஞ்சிய நானே பாக்க மாட்டன். கதிரேசன் அப்பன் மூஞ்சி, சாவக் கெடந்தப்ப இருந்த மூஞ்சி, அப்படியே வருது. ஒரு தாழ்ப்பாளப் போட்டுட்டு, யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சு, அதக் கழட்டி வெச்சுட்டு ஒரு ராத்திரி படுக்கோணும். அவ்வளவுதான் எனக்கு ஆசை."

பறக்கப் பார்த்த தாளின் மூலையில் டம்ளரை நகர்த்தி வைத்தேன். அவளே சொன்னாள். "நீ ஏன் போடலைன்னு எனக்குத் தெரியாதா? வெளிப்பக்கமாத் தெறக்கற கதவு, தாழ்ப்பா இல்லாத கதவு. கொழுந்தனாரு குளிக்கற ரூம்ல விழுந்தன்னைக்கு நானுந்தான உங்கூட நின்னேன். நீ தட்டறே, கூப்பிடறே, உள்ள தாழ்ப்பா. கடப்பாற வந்து, கதவ ஒடச்சு, அவரு கதவுக்குக் குறுக்கால கெடந்து, தள்ளவும் முடியாம. தட்டித் தட்டி உன்ற கையி வீங்கி எத்தன நாளு சோறு பெசைய முடியாம இருந்த?"

அதுவரைக்கும் நான் யாரிடமும் அதைப் பற்றி அழுததில்லை. இன்று அழுதேன். மூக்கைச் சிந்தி வரைபடத்தின் ஓரத்தையே நனைத்துவிட்டேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டு, "அழுவு, அழுவு" என்று சொன்னாள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.  அவளுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், எனக்குத் தாழ்ப்பாள் ஆகாது. இதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் விடை இல்லை.

ஜூலை 6, திங்கள்

விடை இரும்புக் கடையில் இருந்தது. உள்ளே தாழிட்டாலும் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிற தாழ்ப்பாள். அவசரத்துக்கு ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துகொள்கிறது. ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கிப் போவார்களாம். அக்கா கடைக்காரரை உள்ளே வெளியே என்று பத்துத் தடவை திருப்பிக் காட்ட வைத்தாள். வேறு வாடிக்கைக்காரர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் வேண்டாம்னாலும் வெளிய இருந்து தெறக்கலாமே" என்றாள் என்னிடம்.

"தெறக்க மாட்டேன்."

"உன்ற கை சும்மா இருக்குமா?"

"கூப்பிட்டு, கூப்பிட்டு, பதிலே இல்லைன்னாத்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "செரி, ரெண்டு வாங்கு. உன்ற குளிக்கற ரூமுக்கும் ஒண்ணு."

பஸ்ஸில் வரும்போது, தையில் பால் காய்ச்ச நாள் பார்க்கச் சொன்னாள். ஒறம்பரை என்ற வார்த்தை வரவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், முகத்தில் தெரிந்துவிடும் என்று.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஆவணி. முளைக்குச்சி அடித்தாயிற்று. இந்தத் தடவை சுண்ணாம்புக் கோடு மேஸ்திரி போட்டது. யுவராஜ் வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்.

அக்டோபர் 11, ஞாயிறு

மண்கல் சுவர் தோள் உயரம் வந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து தட்டிப் பார்த்து, "மழைக்குக் கரையாதுங்களா?" என்றார். ஒரு கல்லை ஒரு வாரமாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் கையில் கொடுத்தேன். அவருக்கு என் மேல் கோபமா மரியாதையா தெரியவில்லை.

அறையின் சுவரை மேஸ்திரி ஏழடியில் நிறுத்தாமல் இன்னும் இரண்டு வரிசை வைத்துவிட்டார். பாதிச் சுவர் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தாராம். பிரிக்கச் சொன்னேன். பிரித்துக்கொண்டே முணுமுணுத்தார், நானும் பதிலுக்கு முணுமுணுத்தேன்.

டிசம்பர் 13, ஞாயிறு

கூரைக்கு வெள்ளை அடித்தாயிற்று. மத்தியானம் வெயிலில் வெப்பமானியை வெளியே வைத்தேன், உள்ளே வைத்தேன். உள்ளே ஐந்து டிகிரி குறைவு, இன்னும் ஜன்னல் கதவுகூட மாட்டவில்லை. அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அஞ்சு டிகிரின்னா எவ்வளவு?" என்றாள். புளியமரத்து நிழலுக்கும் ரோட்டுக்கும் உள்ள வித்தியாசம் என்றேன். அப்படிச் சொல்லு என்றாள்.

ஜனவரி 28, வியாழன்

பால் பொங்கியது. கதிரேசனும் குடும்பமும் வந்திருந்தார்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம், மடிக்கும் மேசையைப் பேத்தி இருபது தடவையாவது மடித்துப் பார்த்திருப்பாள். கிளம்பும்போது கதிரேசனுக்குக் கண் கலங்கியது. "அம்மாவைப் பாத்துக்கங்க சித்தி" என்றான். அவன் போனபின் அக்கா, "என்னமோ என்னக் கட்டிக் குடுத்துட்டுப் போற மாதிரி" என்று சிரித்தாள். முந்தானை வாயைத் தேடிப் போயிற்று.

இரண்டு பேரும் களைத்துப்போனோம். சீக்கிரமே படுக்கப் போகிறோம். அவள் அறைக் கதவு சாத்தும் சத்தமும் அதற்கப்புறம் தாழ் விழும் சத்தமும் கேட்டன. நான் தயாராகத்தான் இருந்தேன், ஆனாலும் எழுந்து போய் அந்தக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 29, வெள்ளி

அக்கா விடியுமுன் எழுந்துவிடுகிறவள். நான் அவளோடு இருந்த காலமெல்லாம் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. இன்று நான் எழுந்து வாசல் தெளித்து, டீ போட்டு, கிழக்கு ஜன்னல் வழியே வெயில் கூடத்துக்குள் வந்தபின்னும் அந்தக் கதவு சாத்தியே இருந்தது.

முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டு டம்ளரை மேசையில் வைத்து உட்கார்ந்தேன். பிறகு நினைக்க ஆரம்பித்தேன். சுவருக்கு மேலே திறப்பு இருக்கிறது, சத்தம் தாண்டும் என்று நானே எழுதியிருக்கிறேன். ஒரு சத்தமும் தாண்டவில்லை. இருமல் இல்லை, தண்ணீர் இல்லை, கட்டில் அசைவதுகூட இல்லை.

"அக்கா" என்றேன்.

பதில் இல்லை. கதவருகே போனேன். கையில் எப்படி ஐந்து ரூபாய் நாணயம் வந்தது என்று தெரியவில்லை. பர்ஸைத் திறந்த ஞாபகமே இல்லை. "அக்கா" என்று மறுபடி கூப்பிட்டேன். நாணயம் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.  மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தக் கதவு, அந்தக் கடப்பாறைச் சத்தம், எல்லாம் காதுக்குள் வந்துவிட்டது. திருப்பினால் ஒரு நொடி. திருப்பினால், அவள் கேட்ட அந்த ஒரே ராத்திரியையும் நானே எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். திருப்பாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

என் தொண்டையில் இருந்த மொத்தக் குரலையும் சேர்த்து, "தனபாக்கியம்!" என்று கத்தினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டதில்லை.

சுவருக்கு மேலே இருந்து ஒரு குரல் வந்தது. முனை மழுங்கிய, காற்றுப் போகிற, எனக்குப் பழக்கமில்லாத குரல். "என்னடி?"

நான் கதவிலேயே சாய்ந்துகொண்டேன்.

"இருக்கறன், இருக்கறன். பயந்துட்டயா? எங்கியோ கெணத்துக்குள்ள போன மாதிரித் தூங்கிப் போட்டன் கண்ணு. வாய் வலிக்காமத் தூங்கி எத்தன வருசமாச்சு."

உள்ளே கட்டில் அசைந்தது. தாழ் விலகியது. நான் நாணயத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. அக்கா தலை கலைந்து, கன்னம் ஒட்டி, பல் இல்லாமல் நின்றாள். முந்தானை தோளிலேயே கிடந்தது, அதை அவள் தொடவில்லை. என் கையைப் பார்த்தாள். நாணயத்தைப் பார்த்தாள்.

"தெறக்கல?"

"இல்ல."

வாயைத் திறந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முழுசாகப் பார்த்தேன். எனக்கு அழுகையும் வந்தது, பேரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கு வெட்கமும் வந்தது. டீ ஆறிப்போயிருந்தது. இரண்டு டம்ளரையும் கொண்டுபோய் மறுபடி சுட வைத்தேன்.